தளர்றது உடம்பா, மனசா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வயசானவங்களுக்கு வர்ற உடல் தளர்ச்சி பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தோம். அதுக்கு வந்த கடிதங்கள்ல நிறைய பேர் கேட்டிருந்தது ஒரே விஷயம்தான், "உடம்பு தளர்ந்ததால மனசு சோர்ந்து போச்சா, மனசு சோர்ந்ததால உடம்பு தளருதா, இல்ல ரெண்டும் பரம்பரையா வர்றதா?" அதனால இந்த தடவை முழுசா அதுக்கே ஒதுக்கியாச்சு.

எங்க அப்பாவுக்கு 74 வயசு, அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு வருஷமா ஆளே மெலிஞ்சு போயிட்டார், வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. காலைல டீக்கடைக்குப் போய் பேப்பர் படிக்கிறத நிறுத்திட்டார், கேட்டா "முடியலம்மா"ன்னு ஒரே பதில். டாக்டர் "வயசானா அப்படித்தான்"னு டானிக் எழுதிக் குடுத்தார். அண்ணன் டிப்ரஷன்ங்கிறான், அண்ணி சோம்பேறித்தனம்ங்கிறாங்க. எதுங்க சரி?
*வாசகி, மதுரை*

அம்மா, முதல்ல அந்த சோம்பேறித்தனம்ங்கிற பேச்சை வீட்ல நிறுத்தச் சொல்லுங்க. வாழ்நாள் பூரா ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்ச மனுஷன் 74 வயசுல திடீர்னு சோம்பேறி ஆக மாட்டார். "வயசானா அப்படித்தான்"ங்கிறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். 74 வயசுல சைக்கிள் மிதிச்சு ரேஷன் கடைக்குப் போறவங்க உங்க தெருவுலயே இருப்பாங்க, அப்போ இது வயசு மட்டும் செய்யுற வேலை இல்லதானே.

2001ல அமெரிக்காவுல லிண்டா ஃப்ரீட்ங்கிற டாக்டரோட குழு, 65 வயசுக்கு மேற்பட்ட 5 ஆயிரத்துக்கும் அதிகமானவங்களோட விவரங்கள வச்சு உடல் தளர்ச்சிக்கு 5 அடையாளம் சொன்னாங்க. டயட் எதுவும் இல்லாமலே ஒரு வருஷத்துல எடை இறங்குறது (சுமார் நாலரை கிலோவோ அதுக்கு மேலயோ), கைப்பிடி பலம் குறையுறது, நடை மெதுவாகுறது, நடமாட்டம் குறையுறது, எப்பவும் அசதி. இதுல 3 இருந்தா தளர்ச்சி, ஒண்ணோ ரெண்டோ இருந்தா அதுக்கு முந்தின கட்டம். நீங்க எழுதினத வச்சுப் பார்த்தாலே அப்பாவுக்கு எடை, நடமாட்டம், அசதின்னு 3 வந்துடுது, நேர்ல பார்க்காம முடிவா சொல்லக்கூடாதுதான், ஆனா அலட்சியமா விடுற நிலைமை இல்ல.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. அந்த அஞ்சாவது அடையாளமான அசதிய எப்படி அளந்தாங்கன்னா, "எத செஞ்சாலும் பெரும்பாடா இருந்துச்சா?", "எதையும் ஆரம்பிக்கவே முடியலையா?"ன்னு ரெண்டு கேள்வி கேட்டு. அந்த ரெண்டு கேள்வியுமே டிப்ரஷன அளக்குற ஒரு கேள்வித்தாள்ல இருந்து எடுத்ததுதான்! அப்பா சொல்ற அந்த "முடியலம்மா" ரெண்டு பக்கமும் கணக்குல வரும். அதனால உங்க அண்ணன் சொல்றதும் சரியா இருக்கலாம், உடம்பு தளர்ச்சிங்கிறதும் சரியா இருக்கலாம், ஒண்ணு சரின்னா இன்னொண்ணு தப்புன்னு ஆகாது. பல நாட்டு ஆய்வுகளை சேர்த்து 2017ல ஒரு கணக்கு போட்டாங்க, உடல் தளர்ச்சி இருக்கிற முதியவங்கள்ல சுமார் 40 சதவீதம் பேருக்கு டிப்ரஷனும் இருந்துச்சு, டிப்ரஷன் இருக்கிறவங்கள்லயும் கிட்டத்தட்ட அதே அளவு பேருக்கு தளர்ச்சி இருந்துச்சு.

வயசானவங்களுக்கு டிப்ரஷன்னா அழுதுக்கிட்டே இருப்பாங்கன்னு நினைக்காதீங்க, நம்ம ஊர் அப்பாக்கள் அழ மாட்டாங்க. இடுப்பு வலிக்குது, வயிறு சரியில்ல, வாய்க்கு ருசி இல்ல, ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, யார்கிட்டயும் பேசப் பிடிக்கல, இப்படித்தான் வரும்.

இப்போ செய்ய வேண்டியது. கைப்பிடி இல்லாத நாற்காலில உக்கார வச்சு, கைய மார்புல கட்டிக்கச் சொல்லி, 5 தடவை எழுந்து உக்காரச் சொல்லுங்க, பக்கத்துலயே நில்லுங்க, விழுந்துடப் போறார். 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா தசை பலம் குறைஞ்சிருக்கலாம்னு ஆசிய நாடுகளோட மருத்துவக் குழு 2019ல சொன்ன அளவு. அடுத்து ரத்தத்துல ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12, சோடியம்ங்கிற உப்புச்சத்து, கிட்னிக்கு கிரியேட்டினின் பாருங்க. காரணமே இல்லாம எடை இறங்கியிருக்கிறதால காசநோய், புற்றுநோய் ரெண்டும் இல்லன்னு டாக்டர் உறுதி பண்ணியே ஆகணும், இத தள்ளிப் போடாதீங்க. பல்லையும் பாருங்கம்மா, பல் செட் லூசா இருக்குன்னு வெளில சொல்லக் கூச்சப்பட்டு வெறும் ரசம் சாதத்தோட நிறுத்திக்கிட்டவங்க எத்தனையோ பேர். அப்பா சாப்பிடுற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, தூக்க மாத்திரை உட்பட. முதியோர் மருத்துவத்துக்கு சென்னை அரசு பொது மருத்துவமனைல 1978லயே தனிப் பிரிவு வந்துடுச்சு, 2024ல கிண்டில தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாச்சு, உங்க பக்கத்து அரசு மெடிக்கல் காலேஜ்ல முதியோர் ஓ.பி. என்னிக்குன்னு விசாரிங்க. அங்க 15 கேள்வி இருக்கிற ஒரு சின்ன படிவத்த வச்சே மனச்சோர்வையும் பார்த்துடுவாங்க.

பாட்டி 70 வயசுலயே படுத்த படுக்கை. அம்மாவுக்கு 60, பல வருஷமா டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுறாங்க, இப்போ நடையும் தளர்ந்துடுச்சு. எனக்கு 36. இது எங்க குடும்ப ஜீன்லயே இருக்கா? ஆன்லைன்ல விக்கிற ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கவா?
*வாசகர், சேலம்*

தம்பி, பயத்த கொஞ்சம் இறக்கி வைங்க. பரம்பரைக்கு பங்கு இருக்கு, அத மறைக்கல. இரட்டைக் குழந்தைகளா பிறந்தவங்கள வச்சு செஞ்ச ஆய்வுகள்ல, உடல் தளர்ச்சில ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல 30லேர்ந்து 45 சதவீதம் வரைக்கும் பரம்பரையால வருதுன்னு கணக்கு, டிப்ரஷனுக்கு அது 37 சதவீதம் மாதிரி. மீதி எல்லாம் சாப்பாடு, வேலை, வருமானம், நோய், தனிமை, தூக்கம், வாழ்க்கைல பட்ட அடி. மீதிதான் பெருசு, பாருங்க. இன்னொண்ணு, இந்த சதவீதம் ஒரு கூட்டத்துக்கான கணக்கு, "எனக்கு வர 37 சதவீத வாய்ப்பு"ன்னு அதுக்கு அர்த்தமே கிடையாது.

டிப்ரஷன் ஜீன்னு ஒரு ஜீன் இல்ல, தளர்ச்சி ஜீன்னும் ஒண்ணு இல்ல. 2025ல வெளிவந்த உலகளாவிய ஆய்வுல 29 நாடுகளைச் சேர்ந்த 50 லட்சம் பேரோட விவரத்த அலசி, டிப்ரஷனோட தொடர்புள்ள 697 மரபணு வேறுபாடுகள் கண்டுபிடிச்சாங்க. ஒவ்வொண்ணும் செய்யுறது துளியூண்டு. தளர்ச்சிக்கு 2021ல இங்கிலாந்தோட எக்ஸிடர் பல்கலைக்கழக குழு, சுவீடன்காரங்களோட சேர்ந்து, 1 லட்சத்து 75 ஆயிரம் பேர்கிட்ட பார்த்ததுல மரபணுத் தொகுப்புல 14 இடங்கள் சிக்குச்சு. அந்த 14 எதோடல்லாம் சம்பந்தப்பட்டதுன்னு பார்த்தா உடல் எடை, இதயம், புகைப்பழக்கம், நோய் எதிர்ப்பு சக்தி, கூடவே டிப்ரஷனும் அடிக்கடி கவலைப்படுற சுபாவமும்! உடம்பு தளர்ச்சிய தேடிப் போனவங்க கைல மனசு சம்பந்தப்பட்ட ஜீனும் சேர்ந்து வந்திருக்கு. 2023ல தளர்ச்சிய வேற மாதிரி அளந்து செஞ்ச இன்னொரு ஆய்வுலயும் மூளை, மனநலம், இதயம், உடல் அழற்சி (நோய் எதிர்ப்பு சக்தி தூண்டப்பட்டு உடம்புக்குள்ள நடக்கிற எதிர்வினை) இதுகளோட மரபணுத் தொடர்பு தெரிஞ்சுது. அதனால உங்க வீட்ல பாட்டிக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ரெண்டுன்னு வந்தது அறிவியலுக்கு புதிர் இல்ல, ரெண்டுக்கும் பொதுவான வேர் கொஞ்சம் இருக்கு.

ஆனா டெஸ்ட் வேண்டாம். அந்த ரிப்போர்ட்டால உங்களுக்கு தளர்ச்சி வருமா வராதான்னு இப்போதைக்கு சொல்ல முடியாது. அதுவும் இந்த ஆராய்ச்சிகள்ல பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி ஆட்கள்கிட்ட நடந்தது, அந்தக் கணக்க அப்படியே சேலத்துக்காரருக்கு பொருத்துறது சரியா வராது. அந்தக் காச அம்மாவுக்கு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட பார்க்க செலவு பண்ணுங்க. உங்களுக்கு 36ங்கிறது ரொம்ப நல்ல வயசு, தசைய இப்போ சேர்த்து வச்சா எழுபதுல உதவும், சிகரெட் இருந்தா விடுங்க, மனசு சரியில்லன்னா அம்மா மாதிரி பல வருஷம் இழுக்கவிடாம சீக்கிரம் காட்டுங்க.

டிப்ரஷன்தான் உடல் தளர்ச்சிக்குக் காரணம்னு ஜீன் மூலமா நிரூபிச்சுட்டாங்கன்னு ஒரு செய்தி படிச்சேன். நான் 30 வருஷம் பயாலஜி எடுத்தவ. ஜீன வச்சு எது காரணம், எது விளைவுன்னு எப்படிங்க சொல்ல முடியும்?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, கோயம்புத்தூர்*

டீச்சர், இந்தக் கேள்விக்கு உங்களுக்கு நன்றி, ஏன்னா இங்கதான் செய்திகள் ரொம்ப அவசரப்படுது.

சாதாரண ஆய்வுல என்ன பிரச்சினைன்னா, டிப்ரஷன் இருக்கிறவங்க சரியா சாப்பிட மாட்டாங்க, நடக்க மாட்டாங்க, வருமானமும் குறைவா இருக்கலாம், ஏற்கனவே ஏதோ நோயும் இருக்கலாம், அதனால உடம்பு தளர்ந்ததுக்கு எது காரணம்னு பிரிச்சு எடுக்க முடியாது. ஒரு கூட்டத்துக்கு வேணும்னே டிப்ரஷன் வரவச்சு சோதிக்கவும் முடியாது. இதுக்குத்தான் மெண்டலியன் ராண்டமைசேஷன்னு ஒரு வழி. நீங்க கிளாஸ்ல நடத்தின, பட்டாணிச் செடிய வச்சு பரம்பரைய ஆராய்ஞ்ச அதே கிரிகர் மெண்டல் பேர்தான். அப்பா அம்மாகிட்ட இருக்கிற ஜீன்கள்ல எது பிள்ளைக்கு வரும்ங்கிறது குலுக்கல் சீட்டு மாதிரி கரு உருவாகும்போதே விழுந்துடுது. அப்புறம் அவன் பணக்காரனானாலும், படுக்கைல விழுந்தாலும், சிகரெட் பிடிச்சாலும் அந்தச் சீட்டு மாறாது. டிப்ரஷன் பக்கம் சாயுற சீட்டு அதிகமா விழுந்தவங்களுக்கு பின்னாடி தளர்ச்சியும் அதிகமா வருதான்னு பார்த்தா, நோய் வந்ததால ஜீன் மாறிச்சுங்கிற பேச்சுக்கே இடமில்ல, காரணம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு ஓரளவு யூகிக்கலாம்.

அப்படிப் பார்த்த ஆய்வுகள் இந்த சில வருஷத்துல நிறைய வந்தாச்சு. பலதுல கிடைச்ச பதில் ரெண்டு பக்கமும் ஆமாங்கிறதுதான், டிப்ரஷன் பக்கம் சாய்ஞ்ச ஜீன் இருந்தா தளர்ச்சி கூடுது, தளர்ச்சிப் பக்கம் சாய்ஞ்ச ஜீன் இருந்தா டிப்ரஷனும் கூடுது. நீங்க படிச்ச செய்தி பாதியத்தான் சொல்லியிருக்கு.

"நிரூபிச்சுட்டாங்க"ங்கிறத மட்டும் நான் சொல்ல மாட்டேன், அதுக்குக் காரணம் இருக்கு. ஒரே ஜீன் ரெண்டு வேலை பார்க்கலாம், மூளைல ஒண்ணு, தசைலயோ கொழுப்புலயோ இன்னொண்ணு, அப்போ ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆகாது, ரெண்டுக்கும் அந்த ஜீன்தான் காரணம்னு ஆயிடும். அதவிட முக்கியமானது, இந்த ஆய்வுகள்ல நிறைய யூகே பயோபேங்க் விவரங்கள நம்பி நிக்குது, 2006லேர்ந்து 2010 வரைக்கும் பிரிட்டன்ல 5 லட்சம் பேர சேர்த்து, அவங்க உடல்நலத்தையும் ஜீனையும் பார்க்கிற திட்டம் அது. அதுல தளர்ச்சிக் குறியீடுன்னு 49 குறைபாடுகள எண்ணிப் போடுறாங்க, அந்த 49க்குள்ளயே மனநலம் சம்பந்தப்பட்ட கேள்விகளும் இருக்கு. தளர்ச்சிய அளக்குற இடத்துலயே டிப்ரஷன் கொஞ்சம் கலந்திருந்தா ரெண்டும் தொடர்புள்ளதா தெரியத்தானே செய்யும்? அதனால தொடர்பே பொய்னு நான் சொல்ல வரல, ஆனா எவ்வளவு பலமானதுங்கிற கணக்க அப்படியே நம்பக் கூடாது.

என்னைக் கேட்டா, ஜீன் ஆய்வ தனியா வச்சுப் பார்க்காம உடம்புக்குள்ள நடக்கிறதோட சேர்த்துப் பார்க்கணும். முன்னாடியெல்லாம் ஹெபடைட்டிஸ் சிங்கிற கல்லீரல் நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி மாசக்கணக்கா போடுவாங்க. அது உடம்புல அழற்சிய தூண்டுற மருந்து. அதுவரைக்கும் மனசளவுல நல்லா இருந்தவங்கள்லயே கணிசமானவங்களுக்கு ஊசி ஆரம்பிச்சதும் டிப்ரஷன் வந்துச்சு. உடம்புல அழற்சி ஏறினா மனசு இறங்கும்ங்கிறதுக்கு இதவிட நேரடியா ஒண்ணு சொல்றது கஷ்டம். தளர்ந்த முதியவங்க ரத்தத்துல சி.ஆர்.பி., ஐ.எல்-6 மாதிரி அழற்சிப் பொருள்கள் கூடுதலா இருக்கிறது பல தடவை பார்த்தாச்சு. எதிர்ப் பக்கமும் உண்டு, தீராத மன அழுத்தத்துல கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் எப்பவும் அதிகமா இருந்தா அது தசைப் புரதத்தக் கரைக்கும், அதோட பசியும் இல்ல, நடையும் இல்லன்னா தொடை மெலிய எத்தனை நாள் ஆகும் சொல்லுங்க.

அம்மாவுக்கு டிவி விளம்பரத்துல வர்ற புரோட்டீன் பவுடர் வாங்கிக் குடுக்கிறேன். அது போதும்தானே?
*வாசகர், தஞ்சாவூர்*

போதாது. பவுடர் மட்டும் தசைய வளர்க்காது, கூட உடற்பயிற்சி வேணும். வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் 1லேர்ந்து 1.2 கிராம் புரதம் வேணும்னு நிபுணர்கள் சொல்றாங்க, 50 கிலோ இருந்தா 50லேர்ந்து 60 கிராம். முட்டை ஒண்ணுல 6 கிராம், அப்புறம் பருப்பு, சுண்டல், மீன், தயிர்னு மூணு வேளைக்கும் பிரிச்சுக் குடுங்க, ராத்திரி ரெண்டு இட்லி சட்னியோட முடிச்சா கணக்கு வராது. கிட்னி பிரச்சினை இருந்தா மட்டும் டாக்டர கேட்காம புரதத்தக் கூட்டாதீங்க.

எங்க மாமியாருக்கு 71. டிப்ரஷனுக்கு மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல தலைசுத்தி பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, பேச்சும் கொஞ்சம் குழப்பமா இருக்கு. பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுறாங்க. மாத்திரைய நிறுத்திடலாமா?
*வாசகி, திண்டுக்கல்*

இத படிச்ச உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, தலைல அடிபட்டிருக்கான்னும் பார்க்கணும், சோடியமும் பார்க்கணும். டிப்ரஷனுக்கு சாதாரணமா குடுக்கிற சில மாத்திரைகள் வயசானவங்களுக்கு ரத்தத்துல சோடியத்தக் குறைச்சுடும், பெரும்பாலும் முதல் சில வாரத்துலதான் இது நடக்கும். பிரஷருக்கு தயாசைடுங்கிற நீர் மாத்திரையும் கூட இருந்தா ஆபத்து இன்னும் அதிகம். சோடியம் இறங்குனா தலைசுத்தல், குழப்பம், தடுமாற்றம் எல்லாம் வரும்.

நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட இன்னிக்கே பேசுங்க. மாத்திரைய மாத்தலாமா, அளவக் குறைக்கலாமா, நீர் மாத்திரைய மாத்தலாமான்னு அவர் முடிவெடுப்பார். இத வச்சு "மனநல மாத்திரையே விஷம்"னு வீட்ல முடிவு கட்டிடாதீங்க, தளர்ந்த உடம்புல சின்ன அளவுல ஆரம்பிச்சு, ரத்தம் பார்த்து, மெதுவா ஏத்துனா நிறைய பேருக்கு நல்ல பலன் குடுக்குது.

எனக்கு 79. வீட்டுக்காரி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கைகால்ல பலமே இல்ல, மாடிப்படி ஏறி ஒரு வருஷம் இருக்கும். பிள்ளைங்களுக்கு பாரமா இருக்கேன். இந்த வயசுல எக்சர்சைஸ் பண்ணு, டாக்டர பாருன்னா சிரிப்புதான் வருது. இனிமே என்ன ஆகப்போகுது?
*வாசகர், திருநெல்வேலி*

ஐயா, உங்க கடிதத்த ரெண்டு மூணு தடவை படிச்சேன். நேரா கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா? தோணுச்சுன்னா இப்போவே வீட்ல யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லுங்க, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழ்ல பேசுவாங்க. முதியவங்களுக்குன்னே 14567னு இன்னொரு எண்ணும் இருக்கு. பாரமா இருக்கேன்னு தோணுறது டிப்ரஷன்ல ரொம்ப சகஜமா வர்ற நினைப்பு, உங்க பிள்ளைங்க மனசுல அது இருக்குன்னு அர்த்தம் இல்லங்க ஐயா. உங்க வீட்டுக்காரம்மா போன துக்கம் வேற, ரெண்டு வருஷமா எதுலயும் பிடிப்பு இல்லாம உடம்பும் விட்டுப்போறது வேற, இந்த ரெண்டாவதுக்கு வைத்தியம் இருக்கு.

என்ன ஆகப்போகுதுன்னு கேட்டீங்க. 1990ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல மரியா ஃபியாட்டரோனேங்கிற டாக்டர், 86லேர்ந்து 96 வயசு வரைக்கும் இருந்த 10 பேர, எல்லாருமே தளர்ந்து போனவங்க, 8 வாரம் காலுக்கு எடை தூக்குற பயிற்சி செய்ய வச்சாங்க. ஒருத்தர் பாதில நின்னுட்டார், முடிச்சவங்களுக்கு கால் தசையோட பலம் சராசரியா 174 சதவீதம் கூடிடுச்சு. தொண்ணூறு வயசுல ஐயா! உங்களுக்கு 79தான். அதே டாக்டர் இருந்த இன்னொரு குழு 1997ல டிப்ரஷன் இருந்த முதியவங்களுக்கு 10 வாரம் எடைப் பயிற்சி குடுத்துப் பார்த்தப்போ அவங்க மனச்சோர்வும் தெளிவா குறைஞ்சுது. ஐரோப்பாவுல 11 நாடுகள்ல 70 வயசுக்கு மேற்பட்ட 1,500க்கும் அதிகமான தளர்ந்த முதியவங்களுக்கு பயிற்சியும் சாப்பாட்டு ஆலோசனையும் குடுத்துப் பார்த்தாங்க, அது 2022ல வந்துச்சு, நடக்க முடியாமப் போற ஆபத்து அதுலயும் குறைஞ்சுது. உடம்பும் மனசும் ஒண்ண ஒண்ணு கீழ இழுக்குறது உண்மைன்னா, ஒண்ணப் பிடிச்சு மேல தூக்குனா இன்னொண்ணும் கொஞ்சம் மேல வரும்ங்கிறதுல எனக்கு நம்பிக்கை இருக்கு. மனசு எழுந்திருக்கட்டும், அப்புறம் நடக்கலாம்னு காத்திருக்காதீங்க, இப்போதைக்கு கால்களத்தான் நாம சொன்னபடி கேக்க வைக்க முடியும்.

முதல்ல டாக்டர்கிட்ட இதயம், பிரஷர், மூட்டு பார்த்துக்கோங்க. மனசு பத்தியும் சொல்லுங்க, வெட்கப்பட ஒண்ணுமில்ல. அவர் சரின்னதும், சுவரோரமா போட்ட உறுதியான நாற்காலில இருந்து, தேவைன்னா கைய ஊன்றி, மெதுவா எழுந்து மெதுவா உக்காருங்க, முடிஞ்ச வரைக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. அது லேசானதும் கைய ஊன்றாம முயற்சி பண்ணுங்க. அடுத்து சமையல் மேடையப் பிடிச்சுக்கிட்டு குதிகால தூக்கி இறக்குங்க. செய்யும்போது பக்கத்துல பேரனோ மருமகளோ இருக்கட்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்றாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரக் குடுத்து வைக்கச் சொல்லி இன்னிக்கே மகன்கிட்ட சொல்லுங்க.